தோலும் களிம்பும்

மனித உடலின் மிகப் பெரிய உறுப்புகளுள் ஒன்று தோல். வெயிலும் காற்றும் புழுதியும் முதலில் வந்து மோதுவது அதன்மீதுதான். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காட்டில், வானம் பார்த்து வாழும் மக்களுக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். அத்துடன் குதிகாலும் வெடிக்கும். கம்பும் சோளமும் அறுக்கும் நாளில் சுணை உடலெங்கும் ஒட்டி அரிக்கும். ஐப்பசி மழையில் அதே நிலம் சேறாகிக் கால்விரல் இடுக்கில் ஊறும். தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்டோர் கையாளும் குச்சி மருந்தில் சேரும் பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் உப்பு, சிலர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்க வல்லது. அரித்த இடத்தை நகத்தால் சொறிகிறோம். சொறிந்த இடத்தில் கிருமி புகுகிறது. வீக்கமும் சீழும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

இவ்வாறு அழற்சியும் கிருமித் தொற்றும் ஒருங்கே அமைந்த தோலுக்கென்று மருத்துவ உலகம் ஒரு களிம்பைக் கண்டது. கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்து ஒன்று, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்து ஒன்று. இரண்டையும் ஒரே டியூபில் அடைத்து வைத்த களிம்பு அது. அந்தச் சிறு டியூபின் வரலாற்றையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். அறிவியலின் இரண்டு பெரும் வெற்றிகள் அதனுள் அடங்கியிருக்கின்றன. அவ்விரு வெற்றிகளும் நம் நாட்டில் எவ்வாறு ஒரு தொல்லையாக மாறின என்பதும் அந்த வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

முதலில் அழற்சி என்றால் என்ன என்று பார்ப்போம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்னும் நூலாசிரியர், அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் குறித்து வைத்தார். சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்பன அவை. இவை நோயே என்று நெடுங்காலம் கருதப்பட்டன. உண்மையில் இவை நோயை எதிர்த்து உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். இரத்தக் குழாய்கள் விரிந்து, வெள்ளணுக்கள் அவ்விடத்தில் வந்து குவிவதால் தோல் சிவக்கிறது. சிவப்பு என்பது உடல் நமக்கு அனுப்பும் செய்தி. சில சமயம் அந்தச் செய்தி அளவு கடந்து போவதும் உண்டு. பகைவனே இல்லாதபோதும் படை திரட்டுவது போல, கரப்பான் நோயில் தோல் தானே கொதித்து எழுகிறது. அங்கே அழற்சியைத் தணிப்பதே மருத்துவம். ஆனால் பகைவன் உண்மையாகவே உள்ளே இருக்கும்போது அழற்சியை அடக்குவது, காவலாளியின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இக்களிம்பின் வரலாறு முழுவதும் விளங்கிவிடும்.

டியூபில் உள்ள முதல் மருந்தின் கதை 1928ஆம் ஆண்டில் தொடங்குகிறது. இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் வளர்த்த கிருமித் தட்டில் ஒரு பூஞ்சை வந்து விழுந்தது. அதைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்தன. அதிலிருந்து பெனிசிலினை மருந்தாக ஆக்கியவர்கள் ஆக்ஸ்போர்டு நகரில் புளோரி, செயின் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1941 பிப்ரவரியில் அவர்கள் அம்மருந்தை முதன்முதலாகச் செலுத்திய நோயாளிகளுள் ஒரு காவலரும் இருந்தார். அவருக்கு வந்த நோய் என்ன தெரியுமா? முகத்தில் பட்ட காயம் ஒன்றில் கிருமி புகுந்து, தலையெங்கும் சீழ்க்கட்டிகள் தோன்றி, ஒரு கண்ணும் போய்விட்டது. பெனிசிலின் செலுத்திய சில நாட்களிலேயே அவர் தேறத் தொடங்கினார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்தே பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்திப் பார்த்தார்கள், அதுவும் போதவில்லை. 1941 மார்ச்சில் அவர் இறந்தார். ஒரு தோற்காயம் உயிரைக் குடிக்க வல்லது என்பதை மறந்துவிட்ட நம் காலத்திற்கு அவர் கதை நல்ல பாடமாகும்.

பெனிசிலினைக் களிம்பாக்கித் தோலில் பூசவும் அக்காலத்தில் முயன்றார்கள். பலருக்கு அதனால் ஒவ்வாமை தோன்றவே, அம்முயற்சி கைவிடப்பட்டது. தோலுக்கு ஏற்ற வேறு மருந்தைத் தேடியவர்களுக்கு மண்ணே அதனைக் கொடுத்தது. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மண்ணின் நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர் செல்மன் வாக்ஸ்மன். இன்று உக்ரைன் எனப்படும் நாட்டில் 1888இல் பிறந்தவர் அவர். அந்நாடும் கருமண்ணுக்குப் பெயர்பெற்றதே. ஆனால் அங்குள்ள மண்ணைக் கறுப்பாக்குவது மக்கிய தழைச்சத்து. நம் கரிசலின் இயல்பு பெரிதும் அதன் களிமண்ணால் அமைந்தது. வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் மாணவருக்குப் பெரும் பங்குண்டு. 1949இல் வாக்ஸ்மனும் லெச்செவாலியரும் நியோமைசினைக் கண்டறிந்தனர். ஊசி வழியே செலுத்தினால் சிறுநீரகத்தையும் செவியையும் கெடுக்கும் மருந்து அது. ஆகவே தோலின் மேற்பூச்சாகவே மிகுதியும் பயன்பட்டது. நம் நாட்டிலும் புனாவை அடுத்த பிம்ப்ரியில், உலக நல நிறுவனத்தின் உதவியோடும் யூனிசெஃப் நிறுவனத்தின் உதவியோடும் அரசு ஒரு தொழிற்சாலையை நிறுவி, 1955இல் பெனிசிலினை உற்பத்தி செய்யத் தொடங்கியது.

இரண்டாவது மருந்தின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. நம் சிறுநீரகங்களின் மேலே தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் என்னும் சுரப்பிகள் சுரக்கும் பொருள்களை எட்வர்டு கெண்டால், ரைக்ஸ்டைன் முதலிய அறிஞர்கள் பிரித்தெடுத்தனர். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டு வாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்மணிக்கு பிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது. 1950ஆம் ஆண்டிலேயே இம்மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. முதலில் மாட்டுப் பித்தத்திலிருந்து மிகுந்த பாடுபட்டு இதனைச் செய்தார்கள். விலை மிக அதிகம். 1952இல் பீட்டர்சன், மர்ரே என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒருவகைப் பூஞ்சையைக் கொண்டே இம்மருந்தின் செய்முறையில் கடினமான ஒரு படியை எளிதாக்கலாம் என்று காட்டினர். பின்னர் விலை வெகுவாக இறங்கியது. பூஞ்சை பெனிசிலினைக் கொடுத்தது. ஸ்டீராய்டு மலிவாகவும் உதவியது. இந்த உதவிக்குப் பூஞ்சை பின்னாளில் எத்தகைய கூலி பெற்றது என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

கார்ட்டிசோனைத் தோலில் பூசியபோது பயன் கிட்டவில்லை. அது ஈரலில் மாற்றம் பெற்று ஹைட்ரோகார்ட்டிசோன் ஆன பின்னரே வேலை செய்யும். எனவே ஹைட்ரோகார்ட்டிசோனையே நேராகப் பூசிப் பார்த்தார்கள் சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் இரு தோல் மருத்துவர்கள். 1952இல் அவர்கள் வெளியிட்ட முடிவு தோல் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. ஆண்டுக்கணக்கில் அரித்து, கசிந்து, தடித்துப்போன கரப்பான் நோய் சில நாட்களில் அடங்கியது.

அடங்கிய தோலில் கிருமியும் இருந்தால் என்ன செய்வது? உடலின் காவலைத் தளர்த்தும் மருந்தை மட்டும் பூசினால் கிருமி பெருகக்கூடும் என்று மருத்துவர்கள் அஞ்சினர். ஆகவே ஐம்பதுகளிலேயே ஹைட்ரோகார்ட்டிசோனையும் நியோமைசினையும் ஒன்றாகச் சேர்த்த களிம்புகள் வந்துவிட்டன. இது அறிவுக்குப் பொருந்திய சேர்க்கையே. கரிசல் சம்சாரி பருத்திக்கு ஊடே உளுந்தையோ பாசியையோ விதைப்பதை நாம் அறிவோம். எந்த விதை எதற்காக நிலத்தில் விழுகிறது என்பதும், எது எப்போது காட்டை விட்டு வீட்டிற்கு வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்து கலப்பது வேளாண்மை. கைக்குக் கிடைத்த விதையையெல்லாம் அள்ளி இறைப்பது வேளாண்மை ஆகாது.

களிம்பின் வரலாற்றில் இந்த இரண்டாவது நிலை பின்னர் வந்தது. ஸ்டீராய்டுகளின் வலிமை ஏறிக்கொண்டே போயிற்று. 1962இல் மெக்கென்சி, ஸ்டௌட்டன் என்னும் இருவர், ஒரு ஸ்டீராய்டு எவ்வளவு வலிமையுடையது என்பதை அளக்க எளிய முறை ஒன்றைக் கண்டனர். மருந்தைத் தோலில் பூசினால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அவ்விடம் வெளுக்கும், எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு வலிமை. அந்த அளவுகோலின்படி அறுபதுகளில் வந்த பீட்டாமெத்தசோன் கலவைகள் பழைய ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பன்மடங்கு வலியவை. எழுபதுகளில் வந்த குளோபெட்டசால் அவற்றினும் வலியது. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தின் வலிமையை அறிய ஆய்வாளர் பார்த்த அந்த வெளுப்பையே, பின்னாளில் முகம் சிவப்பாக வேண்டும் என்று ஏங்கியவர்கள் அழகு என்று எண்ணி விலைகொடுத்து வாங்கினார்கள்.

வலிய ஸ்டீராய்டை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து காகிதம் போலாகும். தொடையிலும் அக்குளிலும் மீளாத வரிகள் விழும். முகத்தில் பருவும் மயிரும் தோன்றும். நிறுத்தினால் முன்னிலும் மிகுதியாகச் சிவந்து எரியும். கண்ணிமையைச் சுற்றித் தொடர்ந்து பூசினால் கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வைக்கே இடர் நேரலாம். நியோமைசினும் சிலருக்கு ஒவ்வாமை தருவது. அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு: களிம்பில் உள்ள ஒரு மருந்து உண்டாக்கும் ஒவ்வாமையை, அதே களிம்பில் உள்ள மற்றொரு மருந்து மறைத்துவிடும். புண் ஏன் ஆறவில்லை என்பது நோயாளிக்கும் விளங்காது, சில வேளை மருத்துவருக்கும் விளங்காது.

எல்லாவற்றினும் பெரிய கேடு படர்தாமரையில் விளைந்தது. படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். பூஞ்சை தோலின் மேலடுக்கைத் தின்று வட்டமாகப் பரவுகிறது; அதை எதிர்த்து உடல் எழும்போது விளிம்பு சிவந்து அரிக்கிறது. அந்த வட்டமே நோயின் முகவரி. ஸ்டீராய்டு பூசினால் இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், சிவப்பும் மங்கிவிடும். பூசியவர் நோய் போயிற்று என்று மகிழ்வார். பூஞ்சையோ தடுப்பாரின்றிப் பரவும். காட்டில் அருகம்புல்லை மேலோடு அறுத்துவிட்டு வேருக்கு நீர் பாய்ச்சுவது போன்றது இது. பிறகு வட்டமும் இல்லாமல் விளிம்பும் இல்லாமல் உருமாறி வரும் அந்த நோயை, 1968இல் பிரிட்டிஷ் மருத்துவர்களான ஐவ், மார்க்ஸ் என்போர் மாறுவேடம் பூண்ட படை என்னும் பொருள்படப் பெயரிட்டு எழுதினார்கள். ஆகவே இந்த ஆபத்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகவே உலகறிந்த ஒன்று.

அவ்வாறிருந்தும் நம் நாட்டில் நடந்தது என்ன? இரண்டு மருந்துகள் இருந்த டியூபில் மூன்றாவதாகப் பூஞ்சைக்கொல்லி சேர்ந்தது. சிலவற்றில் நான்காவதும் சேர்ந்தது. கிருமியா, பூஞ்சையா, ஒவ்வாமையா என்று ஆராய வேண்டியதில்லை. எதுவாயினும் ஒன்று அகப்பட்டுக்கொள்ளும் என்பதே அதன் தத்துவம். 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தின் கீழ் 1945இல் இயற்றப்பட்ட விதிகளில், மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளுக்கு எச் அட்டவணை என்று ஒன்று உண்டு. மேற்பூச்சு மருந்துகளுக்கு அதில் நெடுங்காலம் விலக்கு இருந்தது. ஆகவே கரிசல் கிராமத்து இளைஞர் ஒருவர் கடையில் சென்று படைக்கு ஒரு டியூப் கேட்டால் தடையின்றிக் கிடைத்தது. மலிவாகவும் இருந்தது, உடனே சுகமும் தந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நகரத்து மருத்துவமனையில் காத்திருக்க இயலாதவரை இதற்காக நாம் குறைகூறுவது நியாயம் ஆகாது. அவருக்குக் கிடைத்த மருந்தை அவர் வாங்கினார். அது அவர் கைக்கு எளிதில் கிடைக்கும்படி விட்டிருந்த ஏற்பாடே குறையுடையது.

மருத்துவர்கள் வாளாவிருக்கவில்லை. முகத்தில் ஸ்டீராய்டு பூசுவதால் விளையும் கேட்டை இந்தியத் தோல் மருத்துவர்கள் பன்னிரண்டு மையங்களில் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதனைப் பரிந்துரைத்தவர்கள் மருத்துவர் அல்லாதவர்கள். தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து அரசிடம் முறையிட்டது. 2016 மார்ச் 10 அன்று மத்திய அரசு 344 கலவை மருந்துகளைத் தடை செய்தது. அவற்றுள் இத்தகைய களிம்புகளும் இருந்தன. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் தடையை நீக்கியது. வழக்கு உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. 2017 டிசம்பரில் அந்நீதிமன்றம் மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு மீண்டும் ஆராய வேண்டும் என்று பணித்தது. ஆய்வுக்குப்பின் 2018 செப்டம்பர் 7 அன்று 328 கலவைகளுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் எச் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன.

சட்டம் வந்தது, ஆனால் பூஞ்சை சட்டத்திற்குக் காத்திருக்கவில்லை. இந்தியாவில் படர்தாமரை முன்போல எளிதில் ஆறாத நோயாக மாறியதை மருத்துவர்கள் கண்டனர். குடும்பம் குடும்பமாகப் பரவியது. டெர்பினாஃபின் என்னும் சிறந்த பூஞ்சைக்கொல்லிக்கும் பல இடங்களில் அது அடங்கவில்லை. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இப்பூஞ்சைக்கு ஒரு தனிப் பெயரிட்டார்கள். டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்பது அப்பெயர். அதிலே நம் நாட்டின் பெயரும் கலந்திருக்கிறது. இன்று அது பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இதன் எழுச்சிக்கு மருத்துவ ஆலோசனையின்றிப் பூசப்பட்ட கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்பது தோல் மருத்துவர் பலரின் கருத்து. பெனிசிலினையும் மலிவான ஸ்டீராய்டையும் கொடுத்து உதவிய பூஞ்சைக் குலத்திற்கு நாம் அளித்த கூலி இதுதான் போலும்.

அப்படியாயின் இரு மருந்துக் களிம்பே கூடாதா என்று கேட்கலாம். கூடாது என்று நான் சொல்லவில்லை. கரப்பானில் கிருமித் தொற்றும் சேர்ந்திருக்கிறது என்று மருத்துவர் பார்த்து அறிந்தபின், குறித்த இடத்தில், குறித்த சில நாட்களுக்குப் பூசினால் அது பயன் தரக்கூடிய மருந்தே. அங்கும் ஆன்டிபயாடிக் எப்போதும் தேவைப்படுவதில்லை என்பதைப் புதிய ஆய்வுகள் காட்டுகின்றன. பிரிட்டனில் இலேசான கிருமித் தொற்றுடன் கூடிய கரப்பான் நோயுற்ற 113 குழந்தைகளிடம் செய்த சோதனை 2017இல் வெளியாயிற்று. ஸ்டீராய்டும் தோலை மென்மையாக்கும் பூச்சும் எல்லாருக்கும் கொடுத்து, சிலருக்கு மட்டும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்தார்கள். சேர்த்ததால் தனிச்சிறப்பு எதுவும் காணப்படவில்லை. தேவையின்றிப் பூசும் ஆன்டிபயாடிக்கோ, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும்.

நம் மொழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிரங்கு என்றோம், சொறி என்றோம், படர்தாமரை என்றோம், கரப்பான் என்றோம். நான்கும் சிவக்கும், நான்கும் அரிக்கும். ஆயினும் பெயர்கள் வெவ்வேறு. இன்றைய அறிவியலும் அவற்றை வெவ்வேறாகவே காண்கிறது. சீழ்ச் சிரங்கு கிருமியால் வருவது, கழுவித் துப்புரவாக்கி ஆன்டிபயாடிக் களிம்பு பூசினால் பெரும்பாலும் ஆறும், ஸ்டீராய்டு வேண்டுவதில்லை. சொறி கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வருவது; ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் அந்த உண்ணியைக் கொல்லா; வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நேரத்தில் அதற்குரிய மருந்தைப் பூச வேண்டும். படர்தாமரைக்குப் பூஞ்சைக்கொல்லி வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்ன நாள் வரையில். கரப்பானுக்கே அழற்சி தணிக்கும் மருந்து முதன்மையானது. நான்கு பெயர்களையும் மறந்து, எல்லாவற்றையும் 'அரிப்பு' என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்ததுதான் அந்தக் கலவை டியூபினால் நேர்ந்த பெருங்கேடு. மருந்துகளைக் கலந்ததோடு அது நிற்கவில்லை; நோய்களையும் நம் மனத்திலே கலந்துவிட்டது.

கோவில்பட்டியில் 1901 முதல் ஒரு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. மழை குறைந்த கரிசல் நிலத்திற்கு எந்தப் பயிர் ஏற்றது, எந்த விதை தாங்கும் என்று அங்கே தலைமுறை தலைமுறையாகச் சோதித்து வந்திருக்கிறார்கள். நிலத்தை அறியாமல் விதை சொல்லக் கூடாது என்பது அதன் நெறி. நம் உடல் என்னும் நிலத்திற்கும் அந்நெறியே பொருந்தும். மாணவ மாணவியரே, உங்கள் வீட்டில் ஒரு களிம்பு டியூப் இருந்தால் அதை எடுத்து, அட்டையில் அச்சிட்டுள்ள மருந்துகளின் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பெயரின் இறுதியில் 'சோன்' என்றோ 'சால்' என்றோ வந்தால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். ஆயினும் எல்லாம் அவ்வாறு முடிவதில்லை. பூஞ்சைக்கொல்லிகள் பலவும் 'சோல்' என்று முடியும். ஐயமிருந்தால் கேளுங்கள். யார் சொல்லி வாங்கியது? எந்த நோய்க்கு? எத்தனை நாளைக்கு? இம்மூன்று வினாக்களுக்கும் விடை இல்லாத டியூபைப் பூசத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நெடுநாளாகப் பூசி வருவோர் அதைக் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டட்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை.

ஆக்ஸ்போர்டில் அந்தக் காவலர் இறந்தது மருந்து போதாமையால். இன்று நமக்கு மருந்துக்குக் குறைவில்லை. எந்த நோய் என்று கேட்கும் பொறுமையே குறைந்திருக்கிறது. அந்தக் கேள்வியை இளைய தலைமுறையாகிய நீங்கள் கேட்கத் தொடங்கினால், வீட்டுப் பெரியவர்களும் கடைக்காரரும் அதற்கு விடை சொல்லியே தீர வேண்டியிருக்கும்.